தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் குரல்

வளிமண்டலத்தில் மொத்தம் ஐந்து அடுக்கு என்று சொல்லிவிட்டுப் போர்டில் ஐந்து வளைகோடு போட்டு உலகம்மாள் டீச்சர் திரும்புவதற்குள், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஜெபசீலியின் குரல் வந்து இந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. கத்தவில்லை அவள். பேசுகிறாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொஞ்சம் புளி இருக்கிறதா என்று விசாரிக்கிற தோரணையில் பேசுகிறாள், அதுவும் ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவில் ஐம்பத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்த முதல் பீரியடில், தென்காசிச் சாரல் தகரக் கூரையைப் போட்டு அடிக்கிற அடியில். ஆடி மாதம் ஊர் முழுக்கச் சாரல் சாரல் என்று குற்றாலத்துக்குப் போய்த் தலை நனைத்துவிட்டு வரும். தகரத்துக்குக் கீழே நின்று பாடம் நடத்துகிறவளுக்குத்தான் அது என்னவென்று தெரியும். ஒவ்வொரு வார்த்தையையும் அடிவயிற்றிலிருந்து தூக்கி, கூரைச் சத்தத்துக்கு மேலே ஏற்றி, நாலாவது பெஞ்சைத் தாண்டி எறிய வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக எறிந்துகொண்டுதான் இருக்கிறாள். கீழடுக்கு, என்றாள் உலகம்மாள். கீழ் சரியாக வந்தது, அடுக்கு வரும்போது குரல் நடுவில் கிழிந்து காற்றாகப் போய்விட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். முதல் பெஞ்சுப் பிள்ளைகள் எழுதினார்கள். கடைசி பெஞ்சு எழுதுகிறதா இல்லையா என்று இங்கிருந்து தெரியவில்லை, தலை மட்டும் குனிந்திருந்தது.

ஒரே நீள ஹால் அது. நடுவில் பலகைத் தடுப்பு, அது கூரை வரைக்கும் போகாது, ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு முழம் போய் நின்றுவிடும். இந்தக் கோடியில் பி பிரிவின் போர்டு, அந்தக் கோடியில் ஏ பிரிவின் போர்டு. இரண்டு வகுப்பின் கடைசி பெஞ்சும் தடுப்பை ஒட்டி முதுகோடு முதுகு. ஜெபசீலிக்கு மைக் கொடுத்தபோது ஸ்பீக்கர் இரண்டு கொடுத்தார்கள், ஒன்று அவள் போர்டுக்குப் பக்கத்தில், இன்னொன்று தடுப்பின் மேல். முதல் பெஞ்சுக்கும் கடைசி பெஞ்சுக்கும் ஒரே அளவில் கேட்க வேண்டுமாம். டீச்சர் சத்தத்தைக் கூட்ட வேண்டாமாம், அதுபாட்டுக்குக் கூட்டிக்கொள்ளுமாம். அவளுக்கு மட்டுமா கூட்டிக் கொடுக்கிறது அது. தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டு பிள்ளைகளுக்கு உலகம்மாள் இருபத்தைந்தடி தூரத்தில், ஜெபசீலி தலைக்கு மேலே. எந்தப் புண்ணியவான் யோசித்து அதை அங்கே மாட்டினான் என்று உலகம்மாள் தினமும் ஒரு தரமாவது நினைத்துக்கொள்வாள். இன்றைக்கு அது நாலாவது தரம்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து அதை மூடி மறைக்க உலகம்மாளுக்கே இஷ்டமில்லை. நாற்பத்தொன்பது வயதுக்கு வெட்கக்கேடு என்று தெரிந்தும், காலையில் ஸ்டாஃப் ரூமுக்குள் ஜெபசீலி நுழைகிற நேரமே இவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடுகிறது. என்ன அழகாக முடிந்துவிட்டது அவள் பாடு. முன்னே எல்லாம் சாயங்காலம் நாலரை மணிக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கும், ஃபிளாஸ்கில் வெந்நீர், கழுத்தில் துண்டு, கேட்டதற்குத் தலையாட்டல். இப்போது அந்த நாலரை மணிக்கு வாய் நிறையப் பேசிக்கொண்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டு, போனில் பிள்ளைக்கு வீட்டுக்கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டு வருஷமாக விட்டிருந்த சர்ச் பாட்டுக்குழுவில் போன மாதத்திலிருந்து மறுபடி சேர்ந்துவிட்டாளாம், அதையும் வந்து எல்லோரிடமும் சொன்னாள். சொல்லாவிட்டால் ஆகாதோ. போன பரீட்சையில் அவள் வகுப்பில் சமூக அறிவியலில் ஃபெயில் இரண்டே பேர், இங்கே ஒன்பது. பிள்ளைகள் அவளை ஜெபா மிஸ் என்கிறார்கள், இவளை டீச்சர் என்கிறார்கள். எப்போதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஆனால் இப்போதுதான் அது காதில் இடிக்கிறது. நாலு வார்த்தை பேசினால் நாலும் போய்ச் சேருகிறவள் மிஸ். நாற்பது வார்த்தை கத்தி நாலு போய்ச் சேருகிறவள் டீச்சர். அப்படி ஒன்றும் பிள்ளைகள் கணக்குப் போடவில்லை என்று அவளுக்குத் தெரியும். மனசு கேட்டால்தானே. இரண்டாவது மீள் அடுக்கு, என்றாள். இந்தத் தரம் உடையாமல் வந்தது. உடையாமல் வந்ததே பெரிய காரியமாக இருக்கிற அளவுக்கு வந்தாயிற்று.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதும் அவளேதான், அதற்கு வேறு யாரைச் சொல்ல. பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வெளிநாட்டில் போய் உட்கார்ந்திருக்கிற பழைய மாணவிகள் சேர்ந்து மைக் செட் ஒன்று அனுப்பினார்கள். யாருக்குக் கொடுப்பது என்று ஹெச்.எம். அம்மா குரல் பரிசோதனை முகாம் ஒன்று வைத்தார். யாருக்குத் தொண்டை மோசமோ அவர்களுக்கு மைக். இவ்வளவு தெளிவாகத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த முப்பது பேரில் உலகம்மாளுக்கு மட்டும் அது போட்டியாகக் காதில் விழுந்தது. முகாமுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து வீட்டில் பேச்சை நிறுத்தினாள். அதிமதுரத்தை வாயில் அடக்கினாள், பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடித்தாள், ராத்திரி கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு படுத்தாள். முகாமில் ஒரு சின்னப் பெண், குரலுக்கு வைத்தியம் படித்தவள், போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஆ என்று இழுக்க முடியும் என்று பார்க்க வேண்டும் என்றாள். ஜெபசீலி ஆறு விநாடி. அதற்குள் இருமல் வந்து கண்ணில் தண்ணீர். உலகம்மாள் இருபத்தோரு விநாடி. நின்ற டீச்சர்கள் எல்லாம் கைதட்டினார்கள், உண்மையாகவே தட்டினார்கள். அந்தச் சின்னப் பெண் நிமிர்ந்து பார்த்து, இத்தனை வருஷம் டீச்சர் வேலை பார்த்த தொண்டையா இது மேடம் என்று கேட்டாள். உலகம்மாள் ஒரு படி உயர்ந்தமாதிரி நின்றாள். படிவத்தில் தொண்டை வலி உண்டா, சாயங்காலம் குரல் கம்முமா, பேசும்போது நடுவில் குரல் மறையுமா என்று பத்துக் கேள்வி. பத்துக்கும் இல்லை என்று எழுதி, கீழே கொட்டை எழுத்தில் கையெழுத்தும் போட்டாள். தோற்றவளுக்குத்தான் பரிசு என்பது மறுநாள் ஜெபசீலியின் சேலை மடிப்பில் அந்தக் காலர் மைக்கைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. உறைத்ததை அப்படியே விழுங்கியிருக்கலாம். விழுங்காமல், மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு, மைக் வச்சுப் பேச இது என்ன கட்சி மாநாடா, தொண்டை இருக்கவ பேசுவா, இல்லாதவ குத்திக்கிட்டு அலைவா, என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெபசீலியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உலகம்மாளுக்குச் சாக்பீஸைப் பிடித்திருக்கிற விரல் இறுகிக்கொள்கிறது.

மூன்றாவது இடை அடுக்கு. ஆறு மாதம் ஆகவில்லை அந்தப் பேச்சைப் பேசி. மூன்று வாரத்துக்கு முன்னால் திருநெல்வேலியில் தொண்டை டாக்டரிடம் போனாள், பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல், மாமியாருக்குக் கண் காட்டப் போகிறேன் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு. மூக்கு வழியாகக் குழாயை விட்டு அந்த டாக்டர் உள்ளே பார்த்தார், டிவியில் இவளையும் பார்க்கச் சொன்னார். இரண்டு வெள்ளை நாண், இரண்டின் ஓரத்திலும் எதிரெதிராகச் சின்ன மேடு. மண்வெட்டி பிடிக்கிறவன் கையில் காய்ச்சுப் போகுமில்லையா, அது மாதிரிதாம்மா இது, உங்களுக்குக் குரல்நாணில் காய்ச்சிருக்கு, என்றார். இப்போதே வகுப்பில் மைக் வைத்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்தால், பயிற்சியும் செய்தால், தன்னால் அடங்கலாம். இப்படியே கத்திக்கொண்டிருந்தால் ஆபரேஷன், அதற்கப்புறம் பழைய குரல் வரும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன், என்றார். எழுதிக் கொடுத்தது வேறொன்று, வகுப்பறையில் ஒலிபெருக்கி அவசியம் என்று ஒரு சீட்டு. அது இப்போது ஹேண்ட்பேக்கின் உள் அறையில் நாலாக மடங்கிக் கிடக்கிறது. வீட்டில் மின்வாரியத்துக்காரர், அவள் வீட்டுக்காரர் நெல்லையப்பன், சேதியைக் கேட்டுவிட்டு, பேசாம இருக்கச் சொன்னாரா, இருவத்தஞ்சு வருசமா நான் கும்பிட்ட சாமி கண்ணைத் திறந்துட்டாரே, என்றார். பிறகு ராத்திரிச் சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, பள்ளிக்கூடத்துல கேட்டு வாங்கிரு, கவுரவம் பாக்காத, என்றார். கவுரவம் பார்க்காதே என்று சொல்லுவது சுலபம். போஸ்ட்டில் ஏறி ஃப்யூஸ் போடுகிறவருக்குக் கவுரவத்துக்கு என்ன வந்தது. கரண்டு போனால் மைக் இல்லாமல் ஆயிரம் பிள்ளைகளுக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுத்தவள் யார். ஆண்டுவிழாவில் கடைசி வரிசைத் தகப்பன்மார் திரும்பிப் பார்க்க வரவேற்புரை சொன்னவள் யார். இன்னும் வேலை பாக்கி பதினோரு வருஷம். குரல் போனால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு லைப்ரரியில் உட்காரவைப்பார்கள், புத்தகத்துக்கு நம்பர் ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அந்த லைப்ரரி ஜன்னல் நேராக இந்த ஹாலைப் பார்த்துத்தான் இருக்கிறது.

நேற்று இரண்டாவது செட் வந்து இறங்கிவிட்டது.  இன்றைக்குக் காலையில் பிரேயர் முடிந்ததும் ஹெச்.எம். அம்மா, இன்னைக்கு சர்குலர் நோட்டு வரும், தேவைப்படுறவங்க பேரும் காரணமும் எழுதுங்க, டாக்டர் சீட்டு இருந்தா சேர்த்துக் கொடுங்க, கடைசி மணியோட நோட்டை மூடிருவேன், இனிமே அடுத்த செட்டு எப்ப வருமோ தெரியாது, என்று சொல்லிவிட்டார். சர்குலர் நோட்டு என்றால் எல்லோரும் பார்க்கிற நோட்டு. வகுப்பு வகுப்பாகப் போகும், முப்பது பேரும் படித்துக் கையெழுத்துப் போடுவார்கள். அதில் உலகம்மாள் பெயரும், காரணம் என்கிற கட்டத்தில் தொண்டை என்றும் இருந்தால், இருபத்தோரு விநாடிக்குக் கைதட்டிய அத்தனை பேரும் படிப்பார்கள். கட்சி மாநாடா என்று கேட்டவள் வரிசையில் வந்து நிற்கிறாள் என்று டிபன் நேரத்தில் யாராவது ஒருத்தி சொல்லாமலா இருப்பாள். ஜெபசீலி சொல்ல மாட்டாள். அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல். அவள் பாட்டுக்கு நல்லவளாக இருந்து தொலைக்கிறாள். காலையில் வராந்தாவில் குடையை மடக்கும்போது பக்கத்தில் வந்து, அக்கா, தொண்டை சரியில்லையாக்கா, மத்தியானத்துக்கு மேல உங்க சத்தம் நடுவுல நடுவுல அந்து போகுதே, என்று கேட்டாள். எனக்கென்ன ஜெபா, நல்லாத்தான் இருக்கேன், என்றாள் உலகம்மாள். இல்லக்கா, முன்னெல்லாம் நானும் கத்துவேன், எனக்கு உங்க சத்தம் கேக்காது. இப்ப நான் மெதுவாப் பேசுதேனா, இடையில நிறுத்துத நேரத்துல உங்களுக்குக் கஷ்டமா இருக்குறது நல்லாக் கேக்கு. ஒரு வாரமா மனசே சரியில்ல, என்றாள் ஜெபசீலி. உலகம்மாளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறாள் பார். அவளுக்குக் காதும் கிடைத்துவிட்டது. நீ உன் மைக்கைப் பாரு ஜெபா, என் தொண்டைக்கு நான் கணக்குச் சொல்லிக்கிடுவேன், என்று சொல்லிவிட்டுக் குடையை உதறினாள். நாலு சொட்டு ஜெபசீலியின் சேலையில் விழுந்தது. வேண்டுமென்றே உதறவில்லை என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

நாலாவது வெப்ப அடுக்கு என்று ஆரம்பித்தபோது கடைசி பெஞ்சில் ஒருத்தி மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஃபர்ஹானா, கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், நோட்டைத் திறக்கச் சொன்னாலே பேனாவைத் தேடுகிற சாதி. அது எழுதுகிறது என்றால் இன்றைக்கு நாம் நடத்துகிற பாடம் எங்கேயோ பிடித்துவிட்டது என்று உலகம்மாளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இந்த ஒரு மாதத்தில் வராத சந்தோஷம். கேட்கத்தான் செய்கிறது, கடைசி பெஞ்சு வரைக்கும் போகத்தான் செய்கிறது, டாக்டருக்கு என்ன தெரியும், அவர் தகரக் கூரைக்குக் கீழே நின்று பார்த்தாரா. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போனாள். பக்கத்தில் போகப் போக ஜெபசீலியின் குரல் வளர்ந்தது, கடைசி பெஞ்சுக்கு வந்தபோது தன்னுடைய மூச்சே தனக்குக் கேட்காத அளவுக்கு அது தலைக்கு மேலே நின்றது. நோட்டைக் கையில் எடுத்தாள். அழகான எழுத்து. கோள் காற்றுகள் என்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டு, வியாபாரக் காற்று, மேலைக் காற்று, துருவக் காற்று என்று வரிசையாக, ஒன்று இரண்டு நம்பர் போட்டு, படம் கூடப் போட்டிருந்தது. அது இந்த வகுப்பில் இன்னும் தொடங்காத பாடம். தாளைப் பின்னால் புரட்டினாள். போன வாரத்தது, அதற்கு முந்தின வாரத்தது, எல்லாம் ஏ பிரிவுப் பாடம். என்னட்டி இது, என்றாள். என்னட்டி மட்டும்தான் சத்தமாக வந்தது. ஃபர்ஹானா எழுந்து நின்றாள். நீங்க சொல்லுதது இங்க வர மாட்டேங்கு டீச்சர், என்றாள். தப்புச் செய்த குரலில்கூட இல்லை, உள்ளதைச் சொல்லுகிற குரல். ஜெபா மிஸ் சொல்லுததுதான் கேக்கு. நாங்க எல்லாரும் அதத்தான் எழுதுதோம்.  பக்கத்துப் பெண் தன் நோட்டை மெதுவாக மூடினாள், அதற்கடுத்தவளும் மூடினாள்.

போர்டுக்குத் திரும்பி நடக்கிற அந்த இருபத்தைந்தடிக்குள் அவளுக்கு என்னென்னவோ வந்து போனது. பன்னிரண்டு பிள்ளைகள். எத்தனை நாளாக. இவள் இங்கே நின்று தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருந்தபோது அது எதற்காம், முதல் மூன்று பெஞ்சுக்குத்தானா. ஃபெயில் ஆன ஒன்பது பேரும், யோசித்துப் பார்த்தால், நடுப் பெஞ்சுதான், இவள் குரலும் கேட்காமல் அவள் குரலும் கேட்காமல் நடுவில் விட்டுப்போனவர்கள். கடைசி பெஞ்சு பாஸ். கடைசி பெஞ்சை ஜெபசீலி பாஸ் பண்ணவைத்திருக்கிறாள். தன் ஐம்பத்திரண்டோடு இவளுடைய பன்னிரண்டையும் சேர்த்து, அறுபத்துநாலு பிள்ளைகளுக்கு ஒருத்தி முறுக்குத் தின்கிற குரலில் பாடம் நடத்தியிருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். அவளுக்குத் தெரிந்திருந்தால்கூட இவ்வளவு எரியாது. தெரிந்து செய்தால் திருட்டு என்று சொல்லித் திட்டலாம், இதை என்ன சொல்லித் திட்டுவது. தொண்டையில் ஒரு முள் நின்றது. எச்சிலை விழுங்கினால் முள் இறங்கவில்லை. அழுகையோ என்று பார்த்தாள், அழுகை இல்லை, வெறும் வலிதான். பேக்கிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கும்போது மடித்த சீட்டு விரலில் பட்டது.

அப்போதுதான் அலுவலக உதவியாளர் சுடலைமுத்து சர்குலர் நோட்டோடு வாசலில் வந்து நின்றார். தலையில் நெகிழித் தாளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார், நோட்டைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்திருந்தார். இப்பத்தான் ஏ-ல முடிச்சிட்டு வாரேன் டீச்சர், என்று மேஜையில் விரித்து வைத்தார். ஹெச்.எம். அம்மாவின் பச்சை மை எழுத்து, அதன் கீழே மூன்று கட்டம், பெயர், காரணம், கையெழுத்து. இதுவரைக்கும் போன வகுப்புகளில் யாரும் பெயர் எழுதவில்லை. ஒரே ஒரு பெயர் இருந்தது. மு. உலகம்மாள், ஒன்பது பி. காரணம் என்ற இடத்தில், அக்காவுக்கு மதியத்துக்கு மேல் குரல் வரவில்லை, தயவுசெய்து அவர்களுக்கே கொடுக்கவும், என்று குண்டு குண்டாக ஜெபசீலியின் எழுத்து. கையெழுத்துக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். உலகம்மாள் இரண்டு தரம் படித்தாள். காது வரைக்கும் சூடு ஏறியது. யார் இவளைக் கேட்டது. என் பெயரை எழுத இவள் யார். மைக்கும் இவளுக்கு, பிள்ளைகளும் இவளுக்கு, இனி இரக்கப்படுகிற புண்ணியமும் இவளுக்கேவா, எனக்கென்று மிச்சம் என்னதான் வைத்திருக்கிறாள். சிவப்பு மைப் பேனாதான் கையில் அகப்பட்டது. பெயரின் இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடி வரைக்கும் ஒரு கோடு, காரணத்தின் மேல் இரண்டு கோடு, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தாள். அடித்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. சுடலைமுத்து நோட்டை எட்டிப் பார்த்தார். அடிச்சிட்டீங்களா டீச்சர், அப்ப வேண்டாம்னு அம்மாட்ட சொல்லிரட்டுமா, என்று கேட்டார்.

ஆமாம், வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று உலகம்மாள் சொன்னாள். சொன்னாள் என்று அவள்தான் நினைத்தாள். வாய் அசைந்தது, காற்று வந்தது, அதோடு சரி. செருமினாள். அடிவயிற்றை இறுக்கி மறுபடி தூக்கிப் பார்த்தாள், இருபத்திரண்டு வருஷமாகத் தூக்கியது எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை. இரண்டு வார்த்தை, இரண்டே வார்த்தை. முள் நின்ற இடத்தில் ஏதோ இறுக்கிக்கொண்டது. சுடலைமுத்து கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தார், என்ன சொல்லுதீங்க டீச்சர், மழையில கேக்கல, என்றார். மழை பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள், முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் ஒருத்தி மிச்சமில்லாமல். ஃபர்ஹானாவும் பார்த்தாள். இந்த ஒரு மாதத்தில் ஒரு நாள்கூட இத்தனை பேர் இவள் வாயையே பார்த்து உட்கார்ந்ததில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றிருந்தது. ஏதோ கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறாளா, இல்லை, கவனித்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கத்துச் சத்தம் திரும்ப வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள், படுபாவி. உலகம்மாளுக்குப் பயம் வந்தது. பொறாமைக்கும் கோபத்துக்கும் பின்னால் இத்தனை நாள் ஒளிந்துகொண்டிருந்த பயம் வெளியே வந்து நின்றது, இனி ஒருநாளும் வராவிட்டால் என்ன செய்வேன் என்று. இந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாவிட்டால், சத்தம் போடாதீங்கட்டி என்று ஒரு தரம் அதட்டக்கூட முடியாவிட்டால், நான் யார். சுடலைமுத்து நோட்டை மூடிக்கொண்டிருந்தார்.

அவர் கையிலிருந்து நோட்டை வாங்கினாள். வாங்கினாள் என்பதைவிடப் பிடுங்கினாள் என்பதுதான் சரி. சிவப்புக் கோடுகளுக்குக் கீழே, காலியாகக் கிடந்த வரியில், ஜெபசீலி எழுதியதைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், மு. உலகம்மாள், எம்.ஏ., பி.எட்., ஒன்பது பி என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில், குரல்நாணில் காய்ப்பு, டாக்டர் சீட்டு இணைத்துள்ளேன், முகாம் படிவத்தில் தவறாக எழுதிவிட்டேன், என்று எழுதினாள். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. கையெழுத்துப் போட்டு, மடித்த சீட்டைப் பிரித்து உள்ளே வைத்து, நோட்டை அவரிடம் கொடுத்தாள். சுடலைமுத்து அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நெகிழித் தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார். இருபது நிமிஷம் பாக்கி இருந்தது பீரியடு முடிய. நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் டஸ்டரை எடுத்து ஐந்து வளைகோட்டையும் துடைத்தாள். சாக்பீஸால் பெரிதாக எழுதினாள்: முன் பெஞ்சு, நடுப் பெஞ்சுப் பிள்ளைகள் எல்லோரும் பின்னால் போய் நெருக்கி உட்காருங்கள். ஜெபா மிஸ் நடத்துவதைக் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் சத்தம் போடாமல் எழுந்து போனார்கள். அவளும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் பேச்சு மறுபடி தொடங்கியது, தலைக்கு மேலே, நிதானமாக, மேலைக் காற்று ஏன் மேற்கிலிருந்து வருகிறது என்று ஒரு பம்பரத்தை வைத்து விளக்கிக்கொண்டு. ஃபர்ஹானா எழுதிக்கொண்டிருந்தாள். உலகம்மாள் கடைசி வரைக்கும் கேட்டாள். நல்லாத்தான் நடத்துதா, பாவி மவ, என்று வயிறு எரிய எரிய நினைத்துக்கொண்டாள்.